வெள்ளச்சிக்குத் தனித் தொட்டி

அந்த நாற்காலி வேணாம் மாப்பிள்ள, அதுல தண்ணி சொட்டியிருக்கு, பேண்ட் நனைஞ்சிரும். இப்படி ஸ்டூல்ல உக்காருங்க. அவ தூங்கிட்டிருக்கான்னு சொன்னேன்ல. எழுப்ப மாட்டேன். நீங்க கேட்டாலும் எழுப்ப மாட்டேன், உங்கம்மாவே வந்து நின்னாலும் எழுப்ப மாட்டேன். கல்யாணம் ஆனதுலேர்ந்து என் தங்கச்சி பகல்ல படுத்து நான் பாத்ததே கிடையாது. இன்னிக்குப் படுத்திருக்கா. தானா எந்திரிச்சு வரட்டும்.

பிள்ளைங்க மூணும் வீட்ல இல்ல. கீழ் வீட்டு டீச்சரம்மா பார்க்குக்குக் கூட்டிட்டுப் போயிருக்காங்க. அப்பா வந்திருக்காருன்னு தெரிஞ்சா ஓடி வந்துருவாங்க, அந்தப் பாசத்துக்கெல்லாம் ஒண்ணும் கொறச்சல் இல்ல. பெரியவ தெனமும் கேப்பா, அப்பா இன்னிக்கு எத்தனை மாடி பில்டிங்ல லிப்ட் ரிப்பேர் பண்றாருன்னு. நான் என்னத்தக் கண்டேன், வாய்க்கு வந்ததச் சொல்லி வெப்பேன்.

பைய ஏன் மடியிலேயே வெச்சிட்டிருக்கீங்க, கீழ வைங்க. என்னது அது, கவுனா? சின்னவளுக்கா? நல்லாருக்கு. ஆனா பத்தாது மாப்பிள்ள. நீங்க பாத்து ரெண்டு மாசத்துக்கு மேல ஆகுதுல்ல, விறுவிறுன்னு வளந்துட்டா. பரவால்ல, கடையில மாத்திக்கலாம்.

சும்மா உக்காந்து அந்தக் கதவையே பாத்துட்டிருக்காதீங்க. இந்தாங்க, இந்த ஸ்பூனப் பிடிங்க. இந்தத் தட்டப் பாருங்க. வேக வெச்ச ஜவ்வரிசி மாதிரி இருக்குல்ல, எல்லாம் முட்டை. உள்ள கருப்பா ஒரு புள்ளி தெரியுதுல்ல, அது நல்ல முட்டை, அதத் தொடாதீங்க. வெள்ளையா கலங்கிப் போயிருக்கறது கெட்டது. அத மட்டும் எடுத்து இந்தக் கிண்ணத்துல போடுங்க. விட்டா பூஞ்சை பிடிச்சு பக்கத்துல இருக்கறதையும் சேத்துக் கெடுத்துரும். மெதுவா. லிப்ட் கம்பிய இழுக்கற மாதிரி இழுக்கக் கூடாது. ம், அப்படித்தான். கை நடுங்கல உங்களுக்கு. நல்ல கைதான்.

அவளுக்கு என்னன்னா கேக்கறீங்க? நல்லாத்தான் இருக்கா. சொல்றேன், எல்லாத்தையும் சொல்றேன். நீங்க முட்டையப் பாருங்க.

பல்லின்னு சொல்லாதீங்க மாப்பிள்ள. உங்கம்மாவும் போன்ல அப்படித்தான் சொன்னாங்க, பல்லி வளக்கற வீட்ல என் மருமகளுக்கு என்ன வேலைன்னு. இது பல்லி இல்ல. பேரு ஆக்சலாட்டில். எனக்கே அந்தப் பேரு நாக்குல நிக்க ரொம்ப நாளாச்சு. தண்ணியிலேயே பொறந்து தண்ணியிலேயே சாகும். நாலு காலு இருக்கும், ஆனா தரைக்கு வராது. கழுத்துல ரெண்டு பக்கமும் எறகு மாதிரி நிக்குது பாருங்க, அதான் செவுள், அது வழியாத்தான் மூச்சு விடும். அந்தப் பெரிய தொட்டியில இருக்கான்ல கருப்பா ஒருத்தன், அவன் பேரு தொரை. நான்தான் வெச்சேன். நடக்கறதப் பாத்தீங்கன்னா தெரியும், வீட்டுக்கே சொந்தக்காரன் மாதிரி நடப்பான். ஜன்னலோரம் தனியா இருக்கறது வெள்ளச்சி. இந்தத் தட்டுல இருக்கறதெல்லாம் அவ போட்டதுதான்.

நான் ஒண்ணும் ஆசப்பட்டு வாங்கல. எங்க ஆஸ்பத்திரி லாண்டரிக்கு வண்டி ஓட்டறவன் ஒருத்தன், வீடு மாறிப் போறேன்க்கா, எடுத்துட்டுப் போக முடியாது, நீங்க தனியாத்தான இருக்கீங்க, வெச்சுக்கோங்கன்னு ஒரு தொட்டியக் கொண்டாந்து எறக்கிட்டான். தனியா இருக்கறவ வீட்ல எத வேணும்னாலும் எறக்கி வெக்கலாம்னு எல்லாருக்கும் ஒரு நெனப்பு. ரெண்டும் பொம்பளைதான்க்கா, ஒரு தொல்லையும் இல்லன்னு வேற சொன்னான். நானும் நம்பினேன். ஒரு நாள் காலைல எந்திரிச்சுப் பாக்கறேன், தொட்டியில இருக்கற செடி பூரா முட்டை. இலை தெரியல. தொரை ஒரு மூலையில ஒண்ணும் தெரியாதவன் மாதிரி உக்காந்திருக்கான். நானும் தொரையும் ஒருத்தர ஒருத்தர் பாத்துக்கிட்டோம். அன்னிக்குத்தான் அவனுக்கு அந்தப் பேர் வெச்சேன்.

சிரிங்க, சிரிக்கலாம், தப்பில்ல.

உங்கம்மா இன்னொண்ணும் சொன்னாங்க. பெத்தவளுக்குத்தான் தெரியும் பிள்ளையோட அருமை, பெக்காதவ புழு பூச்சிய வெச்சுக் கொஞ்சிட்டிருக்கா, அவ பேச்சக் கேட்டு என் மருமக கெட்டுப் போறான்னு. போன் ஸ்பீக்கர்ல இருந்துச்சு மாப்பிள்ள. அவங்களுக்குத் தெரியாது. ஆமா, நான் பெக்கல. கல்யாணமே பண்ணிக்கல, எங்கேர்ந்து பெக்கறது? அப்பா போனப்ப எனக்கு அப்பதான் இருபது, உங்க பொண்டாட்டிக்கு எட்டு. அவளுக்குத் தல சீவி விட்டது யாரு, அவ வயசுக்கு வந்தப்ப பக்கத்துல படுத்துக்கிட்டது யாரு, உங்களப் பாத்துட்டு வந்து அக்கா இந்தப் பையன் பரவால்லக்கான்னு அவ மொதல்ல யார்கிட்ட சொன்னா? பெக்காதவளுக்கு என்ன தெரியும்னு கேட்டா என்ன பதில் சொல்ல? என்னைப் பத்தி என்ன வேணும்னாலும் பேசட்டும். நான் அதுக்கெல்லாம் சுருங்கிப் போற ஆள் இல்ல. அத உங்கம்மாகிட்ட அப்படியே போய்ச் சொல்லுங்க.

அது நல்ல முட்டை மாப்பிள்ள, விடுங்க. ஓரமா புள்ளி இருக்கு பாருங்க.

மொத தடவ எனக்கு ஒண்ணும் தெரியாது. முட்டைய எல்லாம் எடுத்துத் தட்டுல போட்டேன், ஆனா தொரையையும் வெள்ளச்சியையும் அதே தொட்டியில விட்டுட்டேன். புருஷன் பொண்டாட்டி, ஒண்ணாத்தான இருக்கணும்னு நெனச்சேன். அவன் சும்மா இருக்கல. பின்னாடியே சுத்தறது, மூக்கால முட்டறது, அவ எந்த மூலைக்குப் போனாலும் அங்க போய் நிக்கறது. கொஞ்ச நாள்லயே மறுபடி முட்டை. அப்புறம் மறுபடியும். நான் என்னமோ பெரிய சாமர்த்தியம் பண்ணிட்ட மாதிரி லாண்டரி பூரா சொல்லிட்டுத் திரிஞ்சேன். அப்புறம் பாத்தா வெள்ளச்சி சாப்பிடறத நிறுத்திட்டா. மண்புழுவ வாய்க்குக் கிட்ட கொண்டு போனா மொகத்தத் திருப்பிக்கறா. தல மட்டும் பெருசாத் தெரியுது, ஒடம்பு காஞ்ச மொளகா மாதிரி ஆயிடுச்சு. வால் நுனி சுருண்டுக்கிச்சு.

மீன் கடைக்காரர்கிட்ட ஓடினேன். அவரு போட்டோவப் பாத்தாரு, என்னப் பாத்தாரு. ஏம்மா, முட்டை போட்டதுக்கப்புறம் ஆம்பளையப் பிரிச்சு வெக்கலையான்னாரு. ஆறேழு மாசமாவது அவ கண்லயே அவன் படக் கூடாதும்மா, அவன் பக்கத்துல இருக்கற வரைக்கும் அவ போட்டுட்டேதான் இருப்பா, ஒரு நாள் செத்து மெதப்பான்னாரு. அன்னிக்கே அவளத் தூக்கி ஒரு பெரிய பக்கெட்ல விட்டேன். அந்தப் பக்கெட்ட பாத்ரூம்ல வெச்சு, ஐஸ் பாட்டில் போட்டுப் போட்டுத் தண்ணியக் குளுமையா வெச்சு, எப்ப வாயத் தொறப்பா எப்ப வாயத் தொறப்பான்னு காத்துட்டுக் கெடந்தேன். ஒரு நாள் டக்குனு ஒரு புழுவக் கவ்வினா. எனக்கு அழுகையே வந்துருச்சு. அப்புறம்தான் அவளுக்குத் தனித் தொட்டி வாங்கினேன்.

எதுக்கு மாப்பிள்ள ஸ்பூனக் கீழ வெச்சிட்டீங்க? நான் மிருகத்தப் பத்தித்தான் பேசிட்டிருக்கேன். உங்க நெனப்பு எங்க போகுது?

சரி. நீங்களே பேச்ச எடுத்துட்டீங்க, நானும் பேசறேன்.

அன்னிக்கு நீங்க எனக்கு போன் பண்ணல. அவ ஆஸ்பத்திரில சேந்த அன்னிக்குத்தான். நான் வேல செய்யற அதே ஆஸ்பத்திரில, நான் தரைக்குக் கீழ லாண்டரில நிக்கறேன், என் தங்கச்சி மூணாவது மாடியில கெடக்கறா, எனக்குத் தெரியாது. எப்படித் தெரிஞ்சுதுன்னு நீங்க ஒரு தடவகூடக் கேட்டதில்லல்ல? நானே சொல்றேன். மேல வார்டுலேர்ந்து அழுக்குத் துணி மூட்டை மூட்டையா கீழ வரும். பிரிச்சு, ரத்தம் பட்டதத் தனியா போட்டு ஊற வெக்கணும். அதான் என் வேல. ரத்தத்தப் பாத்துப் பயப்படற ஆளுங்க யாரும் அங்க கெடையாது. அன்னிக்கு ஒரு மூட்டையப் பிரிச்சேன். விரிப்பு, போர்வை, எல்லாம் நனைஞ்சு கனமா இருக்கு. நடுவுல ஒரு பச்சை ஸ்வெட்டர் வருது. வீட்டு ஸ்வெட்டர், தவறி வந்துருச்சு. யாரோடதோ பாவம்னு தனியா எடுத்து வெக்கறேன், முழங்கைல ஒரு ஒட்டுத் தையல். நான் போட்ட தையல் மாப்பிள்ள அது. என் கையால போட்டது.

கையுறையக்கூடக் கழட்டல. அப்படியே மாடி ஏறி ஓடினேன். லிப்டுக்குக்கூட நிக்கல.

நீங்க வராண்டால நின்னுட்டிருந்தீங்க. உங்கம்மா பெஞ்சுல உக்காந்திருந்தாங்க. டாக்டரம்மா உங்ககிட்ட பேசிட்டிருந்தாங்க. நான் பின்னாடி நின்னு எல்லாத்தையும் கேட்டேன். மூணு பிள்ளைங்க பொறந்தாச்சு, அதுக்கப்புறம் இதோட ரெண்டு நிக்காம போச்சு, இந்தத் தடவ அவங்கள மீட்டதே பெரிய விஷயம், இனிமே இந்த ஒடம்பு தாங்காதுன்னு சொன்னாங்க. நீங்க தலையாட்டினீங்க. நல்லா ஆட்டினீங்க. எனக்கு இன்னிக்கும் கண்ணுக்குள்ள நிக்குது. டாக்டரம்மா அந்தப் பக்கம் போனதும் உங்கம்மா கேட்டாங்க, என்னன்னாங்கன்னு. நீங்க என்ன சொன்னீங்க ஞாபகம் இருக்கா? ரெஸ்ட் எடுக்கச் சொன்னாங்கம்மான்னு சொன்னீங்க.

அவ்வளவுதான் சொன்னீங்க. அது பொய்யும் இல்ல, அதுக்காக உண்மையும் இல்ல.

கோவமா? கோவம் இல்லாம இருக்குமா? ஆனா உங்களக் கெட்டவர்னு நான் என்னிக்கும் சொன்னதில்ல. குடிக்கறதில்ல, கை நீட்டறதில்ல, பிள்ளைங்க மேல உசுரு. பொண்ணுக்குக் கவுன் வாங்கிட்டு வந்திருக்கீங்க. எல்லாம் சரி. ஆனா ஒரு வார்த்தை பேச வேண்டிய எடத்துல பேசாம இருக்கறது உங்களுக்குப் பழகிப் போச்சு. நீங்க பேசாம விட்டத எல்லாம் அவ ஒடம்புதான் பேசிட்டிருந்துச்சு.

டீ ஆறிப் போச்சு. வேற போடட்டுமா? வேணாமா? சரி.

அப்புறம் அவ உங்க வீட்டுக்குத் திரும்பிப் போனா, கொஞ்சம் தேறினா, மறுபடி உங்கம்மா ஆரம்பிச்சிட்டாங்க. அடுத்தது கண்டிப்பா பையன்தான், என் மனசு சொல்லுதுன்னு. உங்கம்மா மனசு மூணு தடவையும் அதையேதான் சொல்லுச்சு. அதெல்லாம் அவ எனக்குச் சொல்லல. ஒரு நாள் மூணு பிள்ளைங்களையும் ஒரு பையையும் எடுத்துட்டு வந்து நின்னா. கொஞ்ச நாள் இருந்துட்டுப் போறேன்க்கான்னா. எத்தனை நாளுன்னு நான் கேக்கல. அவளும் சொல்லல.

வந்தவ சும்மா உக்காந்தாளா? இல்ல. வீட்டத் தொடச்சா, ஜன்னலத் தொடச்சா, தொடச்ச ஜன்னலையே மறுபடியும் தொடச்சா. ஒக்காருடின்னா ஒக்கார மாட்டேங்கறா. ஒக்காந்தா யாரோ திட்டுவாங்கன்னு பழகின ஒடம்பு. ஒரு நாள் நான் வேலை முடிஞ்சு வர்றேன், வெள்ளச்சி தொட்டி முன்னாடி தரையில ஒக்காந்திருக்கா. இது ஏன்க்கா தனியா இருக்குன்னா. நான் உங்ககிட்ட இப்ப சொன்ன கதையத்தான் அவகிட்டயும் சொன்னேன். வேற ஒண்ணும் சொல்லல. உங்கம்மா நெனைக்கற மாதிரி நான் யாருக்கும் ஓதல. கதையக் கேட்டுட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டா. இதுக்கு அவன் இல்லாம கஷ்டமா இருக்காதாக்கான்னு. தெரியலடி, ஆனா சாப்பிடறான்னு சொன்னேன். சிரிச்சா. அவ சிரிச்சு எவ்வளவு நாளாச்சுன்னு அப்பதான் எனக்கே ஒறைச்சுது.

வெள்ளச்சி நல்லாத் தேறி, வால் எல்லாம் பெருத்து, ரொம்ப நாள் கழிச்சு இந்தத் தடவதான் ரெண்டையும் சேத்து விட்டோம். அதுவும் கொஞ்ச நேரம்தான். முட்டை போட ஆரம்பிச்சதுமே தொரையத் திருப்பிக் கொண்டு போய் விட்டாச்சு. உங்க பொண்டாட்டிதான் வலைய வெச்சுப் பிடிச்சா. தொரை ஒரு பார்வ பாத்தான் பாருங்க. அவன்கிட்ட அவ பேசறா, ரொம்ப மொறைக்காத, அவளுக்கு ரெஸ்ட் வேணும்னு.

வெள்ளச்சி முட்டை போடறத அவ பக்கத்துல ஒக்காந்து பாத்தா. ஒண்ணு ஒண்ணா, பின்னங்காலால இலையப் பிடிச்சு, ஒட்டி, நகர்ந்து, அடுத்த இலைக்குப் போவா. நூத்துக் கணக்குல. எல்லாத்தையும் வளக்க முடியுமா? முடியாது. பொரிச்சு வந்ததும் உயிரோட நெளியற பொடி எறாதான் திங்கும், செத்த தீனிய மோந்துகூடப் பாக்காது. அந்தப் பொடி எறாவ உப்புத் தண்ணில தெனமும் நாம பொரிக்க வெக்கணும். தெனமும் தண்ணி மாத்தணும். கூட்டமா விட்டா ஒண்ணு கால ஒண்ணு கடிச்சுரும். கால் திரும்ப மொளைக்கும், அது வேற விஷயம், ஆனா பசியில கடிச்சுக்கறதப் பாக்க முடியாது. அதனால எத்தனையை வயித்துக்குக் கொறைவில்லாம வளக்க முடியுமோ அத்தனைதான் வெச்சுக்கணும். மிச்சத்த, புள்ளியா இருக்கும்போதே, எடுத்து ஐஸ் பெட்டியில வெச்சு, உறைய விட்டு முடிச்சுரணும். மீன் கடைக்காரர் சொல்லிக் குடுத்தது. எனக்கு ஒவ்வொரு தடவையும் கை வராது. இந்தத் தடவ அவதான் பண்ணினா. ரெண்டு தட்டு மட்டும் எடுத்து வெச்சுட்டு, இவ்வளவுதான்க்கா நம்மளால முடியும்னு மிச்சத்த அவளே கொண்டு போய் வெச்சா. கை கழுவிட்டு வந்தா.

பாவமா? உங்கம்மா சொல்லட்டும் பாவம்னு. நீங்க சொல்லாதீங்க. நீங்க ரிப்பேர் பண்ற ஒவ்வொரு லிப்டுக்குள்ளயும் ஒரு பலகை மாட்டறீங்கல்ல, இத்தனை பேருக்கு மேல ஏறக் கூடாதுன்னு. ஏறினா அது கத்தும், நகராது. அதுக்காக லிப்ட் மேல யாராவது கோவிச்சுக்கறாங்களா? கடைசியா ஏறினவரு எறங்கிக்கறாரு. அவ்வளவுதான். அவ கத்தல மாப்பிள்ள. அவளுக்குக் கத்தத் தெரியாது. அதான் உங்க எல்லாருக்கும் வசதியாப் போச்சு.

என்ன சொன்னீங்க? கொஞ்சம் சத்தமா சொல்லுங்க.

உங்களுக்கும் வேணாம்னுதான் இருந்துச்சா. அப்படியா. எப்பலேர்ந்து? ரெண்டாவது பொண்ணு பொறந்ததுலேர்ந்தா? சரி. அத யார்கிட்ட சொன்னீங்க? உங்கம்மாகிட்ட சொன்னீங்களா? அவகிட்ட? எங்கிட்ட வந்து சொல்லி என்ன மாப்பிள்ள பிரயோஜனம்? நான் பெக்கப் போறவளும் இல்ல, பெக்கச் சொல்றவளும் இல்ல. மனசுக்குள்ள வேணாம் வேணாம்னு வெச்சிட்டு மூணாவது, நாலாவது, அஞ்சாவதுன்னு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிருக்கீங்க. வேணும்னு கேட்டவங்களக்கூட நான் புரிஞ்சுக்குவேன். வேணாம்னு நெனச்சுட்டே போன உங்களத்தான் எனக்குப் புரியல.

அழாதீங்க. அழுதா கண்ணு மறைக்கும், நல்ல முட்டைய எடுத்துப் போட்டுருவீங்க. இந்தாங்க, துண்டு. அழறதும் தப்பில்ல, சரி, அழுதுக்கோங்க. உங்கம்மா முன்னாடி அழுதிருந்தா இன்னும் நல்லா இருந்திருக்கும்.

உங்கம்மாவையும் நான் ராட்சசின்னு சொல்லல. அவங்க காலத்துல அவங்கள யாரு என்ன பாடு படுத்தினாங்களோ. அதுக்கெல்லாம் என் தங்கச்சியா ஈடு குடுக்கறது?

இன்னிக்கே கூட்டிட்டு வரச் சொன்னாங்களா. ம். போகும்போது போன் பண்ணிச் சொல்லுங்க, வரலன்னு. காரணம் கேட்டா அக்கா விடலன்னு சொல்லுங்க, எனக்கு ஒண்ணும் இல்ல. எல்லாப் பழியும் எம்மேலயே போடுங்க, தாங்குவேன். ஆனா அவளே வரலன்னு சொல்லிட்டான்னு ஒரு தடவையாவது உங்க வாயால சொன்னீங்கன்னா நான் உங்களப் பத்தி வேற மாதிரி நெனைப்பேன். புருஷனா? ஆமா, நீங்கதான் புருஷன். யாரு இல்லன்னா? உரிமை இருக்கு. வாங்க, போங்க, பிள்ளைங்கள மடியில வெச்சுக் கொஞ்சுங்க, இங்கேயே சாப்பிடுங்க, இந்த ஹால்ல படுங்க. உங்களுக்கு இந்த வீட்டுக் கதவ நான் என்னிக்கும் சாத்த மாட்டேன். அவ எப்ப, எங்க, எப்படி இருக்கணும்னு சொல்ற உரிமை மட்டும் உங்ககிட்ட இல்ல. எங்கிட்டயும் இல்ல. அத நான் அவகிட்டயே சொல்லிட்டேன். இங்க எவ்வளவு நாள் இருக்கணும்னும் நான் சொல்ல மாட்டேன்டி, போகணும்னு தோணினா போன்னு.

எங்க எந்திரிக்கறீங்க? எட்டிப் பாக்கணுமா. சரி, பாருங்க. பாக்கக் கூடாதுன்னு நான் சொல்லல. மெதுவா மட்டும் போங்க, கதவ வேகமாத் தொறந்துராதீங்க, டக்குனு எந்திரிச்சான்னா தையல் இழுக்கும்.

தையல்னா தையல்தான் மாப்பிள்ள. வயித்துல. சின்னதுதான். முந்தாநாள் கருத்தடை ஆபரேஷன் பண்ணியாச்சு, நேத்து வீட்டுக்குக் கூட்டிட்டு வந்தேன். அதுக்குத்தான் நான் மூணு நாளா லீவு. மாத்திர போட்டுத் தூங்கறா.

உக்காருங்க. உக்காருங்க மொதல்ல.

நான் சொல்லிப் பண்ணல. கேளுங்க, நான் சொல்லிப் பண்ணல. அவதான் கேட்டா, அக்கா அந்த டாக்டரம்மாவ நான் ஒரு தடவ பாக்கணும்னு. கூட்டிட்டுப் போனேன். நான் வெளிய உக்காந்தேன், அவதான் உள்ள போய்ப் பேசினா. யாரு கையெழுத்துப் போடணும்னு அவதான் கேட்டா. உங்க ஒடம்பு, நீங்க போட்டாப் போதும்னு டாக்டரம்மா சொல்லியிருக்காங்க. வெளிய வந்து எங்கிட்ட அதத்தான் திரும்பத் திரும்பச் சொன்னா. நான் போட்டாப் போதுமாம்க்கா, நான் போட்டாப் போதுமாம். பஸ்ல வரும்போது, வீட்டுக்கு வந்து, சாப்பிடும்போது. ஆபரேஷனுக்கு உள்ள கூட்டிட்டுப் போறப்ப என் கைய விட்டுட்டு அவளா நடந்து போனா மாப்பிள்ள. தள்ளு வண்டி வேணாம்னுட்டா.

உங்ககிட்ட ஏன் கேக்கலன்னா, நீங்க அம்மாகிட்ட கேட்டுட்டு வர்றேன்னு சொல்லியிருப்பீங்க. அதான்.

வெளிய ஆட்டோ நிக்கச் சொல்லியிருக்கீங்களா? சத்தம் கேக்குது. போகச் சொல்றதுன்னா நான் சொல்லிட்டு வர்றேன். இல்ல, ஏறிப் போறதுன்னா போங்க, நான் தப்பா நெனைக்க மாட்டேன். போய் உங்கம்மாகிட்ட சொல்லுங்க, இனிமே இந்த வீட்டுக்கு ஆள் அனுப்பிப் பிரயோஜனம் இல்லன்னு. அவங்க எவ்வளவு வேணும்னாலும் கத்தட்டும். தைக்க வேண்டியது தைச்சாச்சு. யாராலயும் பிரிக்க முடியாது.

வலிக்குதான்னா? எங்கிட்ட கேக்காதீங்க. அவளுக்குத்தான் தெரியும், அவளக் கேளுங்க. அத ஒண்ண மட்டும்தான் கேக்கணும். வலிக்குதான்னு கேட்டா இருங்க. ஏன் பண்ணினன்னு கேட்டா நான் உள்ள வந்துருவேன்.

இருங்க இருங்க, அப்படியே தொறக்காதீங்க. தட்டுங்க. பொண்டாட்டி ரூம்னா என்ன, தட்டுங்க.

ம். கேட்டுச்சா? எனக்கும் கேட்டுச்சு. வாங்கங்கறா. போங்க. கதவ முழுசா சாத்த வேணாம், நான் இங்கதான் இருக்கேன்.